சங்க அறையில் ஒரு பிளக் பாயிண்ட்

பெரிய கடை வீதியில் பஷீர் பாயின் கண்ணாடிக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. மூக்குக் கண்ணாடி வாங்க வருகிறவர்களுக்கு அந்த அறை இருப்பதே தெரியாது. காது மந்தமானவர்கள்தான் உள்ளே வருவார்கள். அங்கே விமலாராணி உட்கார்ந்திருப்பாள். காதுக் கருவிகளைப் பிரித்துத் துடைத்து, அறுந்த ஒயரைப் பற்றவைத்து, புது பேட்டரி போட்டு, தன் காதிலேயே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது அவள் வேலை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்த கையோடு அங்கே வந்து சேர்ந்தவள். இப்போது காதோரம் நரைத்துவிட்டது.

அவள் கணவன் ஜேக் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தான். மில்லைப் பூட்டிவிட்டார்கள். கொஞ்ச காலம் கேஸ், கூட்டம் என்று அலைந்தான். அப்புறம் எதற்கும் போகவில்லை. டிவியைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டு எதிரே கட்டிலில் கிடப்பான். அவள் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு படம் ஓடும், திரும்பி வரும்போது வேறு படம் ஓடும். ஆள் மட்டும் அப்படியே கிடப்பான். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. போகப்போக இரண்டுமே வரவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டுக்கொண்ட கன்னத்தை விரலால் தொட்டால் விரலுக்குத்தான் தெரியும், கன்னத்துக்குத் தெரியாது. அப்படித்தான் இருந்தது அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவாள், எல்லோரோடும் சேர்ந்து பாடுவாள், வரும் வழியில் காய் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்வாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் வெயில் காலத்தில் ராமுலு கடைக்கு வந்தார். சோமனூர்ப் பக்கத்துத் தறிகளுக்குப் பாவு நூல் கொடுத்துத் துணி நெய்து வாங்கும் ஒரு பெரிய ஜவுளிக்காரரிடம் மேனேஜராக இருந்தார் அவர். தன் மாமியாரின் காதுக் கருவியைச் சரிசெய்ய முன்பே வந்து போயிருந்ததால் விமலாவின் கைவேலை அவருக்குத் தெரியும். இந்தத் தடவை அவர் மேஜையில் வைத்தது காதுக் கருவி இல்லை. தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒன்று. ஓரத்தில் மிதிபட்டு நசுங்கியிருந்தது. பார்த்ததுமே அவளுக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. ஒரு மைக், அதைக் காற்றில் அனுப்ப ஒரு சின்ன சர்க்யூட். ஒரு அறையில் பேசுவதை இன்னொரு இடத்தில் உட்கார்ந்து கேட்கலாம்.

ராமுலு ஒளிவுமறைவில்லாமலே சொன்னார். கூலிக்கு நெய்கிற தறிக்காரர்கள் கூலியை உயர்த்தக் கேட்டுத் தறிகளை நிறுத்திவிட்டார்கள். கலெக்டர் ஆபீசில் பேச்சுவார்த்தை நடக்கப்போகிறது. அவர்கள் எதுவரைக்கும் இறங்கி வருவார்கள் என்று முதலாளிக்கு முன்கூட்டியே தெரியவேண்டும். சென்னையிலிருந்து இதை வாங்கி, ஆள் வைத்துத் தறிக்காரர்களின் சங்க அறையில் ஒட்டினார்கள்.

"வெச்ச வாரமே மாட்டிப்போச்சுங்க அம்மணி. எதுத்தாப்புல டீக்கடை. அங்க எஃப்.எம்.ல பாட்டுக் கேக்கறவனுக்குச் சங்கத்துல பேசறது கேட்டுப்போச்சு. மிதிச்சு வீதியில எறிஞ்சதை எங்காளு பொறுக்கிட்டு வந்தான். மாட்டாத மாதிரி ஒண்ணு உங்களால செய்ய முடியுங்களா?"

மாட்டியதும் என்ன ஆனது என்று அவள் கேட்டாள்.

"அங்க கூட்டிப் பெருக்கற பொம்பளை, பாவாத்தாள்னு. சாவி அவகிட்டத்தான் இருக்கும். அவதான் வெச்சிருப்பான்னு தொரத்திப்போட்டாங்க. அவளுக்கென்னங்க தெரியும், பாவம்." சொல்லிவிட்டு அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாட்டாத மாதிரி செய்துவிட்டால் யாரையும் துரத்த மாட்டார்கள் என்று விமலாவுக்குத் தோன்றியது. பிற்பாடு யோசித்தபோது அது மட்டும் காரணமில்லை என்பதையும் அவள் மறைத்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் எல்லோரும் அவளிடம் ஏதாவது ஒன்றைச் சரிசெய்துதான் கொடுக்கச் சொன்னார்கள். புதிதாக ஒன்றைச் செய்ய முடியுமா என்று அவளைக் கேட்ட முதல் ஆள் ராமுலு. பணம் தருவதாகவும் சொன்னார். அவள் அதைப்பற்றிப் பேசாமலே சரி என்றாள்.

வேலையில் இறங்கியபின் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. பஸ்ஸில் போகும்போதும் அதே யோசனை, சோறு வடிக்கும்போதும் அதே யோசனை. மறைத்து வைத்த பொருள் மாட்டுவதில்லை, அது காற்றில் அனுப்புகிறதே, அதுதான் மாட்டுகிறது. டீக்கடை விவகாரத்துக்குப் பிறகு சங்கத்துக்காரர்கள் கருமத்தம்பட்டியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த மாசாணம் என்பவரை வாரந்தோறும் கூப்பிட்டார்கள். அவர் ஒரு பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடப்பார். எங்காவது ஒன்று ஒளிந்திருந்தால் பெட்டி வீலென்று கத்தும். அப்படியானால் காற்றில் எதுவும் போகக் கூடாது, கம்பியில்தான் போகவேண்டும். சங்கத்துக்கு எதிர்ச்சாரியில் ஜவுளிக்காரரின் குடோன் ஒன்று பூட்டிக் கிடந்தது. இரண்டு கட்டடத்துக்கும் நடுவே யாரோ பழைய வாடகைக்காரர் விட்டுப்போன ஒயர் ஒன்று வெயிலில் கறுத்துத் தொங்கியது. ராமுலு எடுத்துவந்த போட்டோவில் அதைக் கண்டதும் அவள் விரலை அதன்மேல் வைத்தாள். மைக்கைச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டுக்குள் வைத்துவிட்டால், அதன் மூன்று ஓட்டைகள் வழியாகவே அறை முழுக்கக் கேட்கும். கேட்டது அந்த ஒயர் வழியாகக் குடோனுக்குப் போய் டேப்பில் பதிவாகும்.

உள்ளே போவதற்கு வழியையும் அவளேதான் சொன்னாள். சங்க அறையிலேயே ஒரு இலவசக் காது பரிசோதனை முகாம். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்கிறவர்கள், முக்கால்வாசிப் பேருக்குக் காது மந்தம். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் கருவிகளுக்கு நன்கொடை தருகிறார் என்று ராமுலு பாயிடம் சொன்னார். பஷீர் பாய் அதை நம்பினார். கடையிலிருந்த பழைய கருவிகளையும் தன் பங்காகச் சேர்த்துக் கொடுத்து, நல்ல காரியம், அல்லா உங்களுக்குக் குறை வைக்கமாட்டான் என்று அவளை அனுப்பிவைத்தார்.

தறிகள் நின்ற சோமனூரில் அவள் இறங்கியபோது ஊரே காய்ச்சலில் படுத்தாற்போலக் கிடந்தது. சங்கச் செயலாளர் வேங்கடசாமி வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். ஐம்பது வயசு ஆள், வெள்ளைச் சட்டை, கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சின்னச் சத்தத்தில் பேசிப் பழக்கமில்லாததால் நலம் விசாரிப்பதுகூட சண்டைபோல இருந்தது. காது பரிசோதிக்கிற மெஷினைச் செருகியவள், பிளக் ஆடுகிறது, தானே மாற்றிவிடுவதாகச் சொன்னாள். வேங்கடசாமி மெயினை அணைத்தார். அவள் கழற்றிய திருகாணிகளை உருண்டுவிடாமல் உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். உள்ளே மைக் வைத்துப் பையில் தயாராக வைத்திருந்த பிளக்கை அவள் பழைய ஒயரோடு சேர்த்துப் பொருத்தினாள். ஒவ்வொரு திருகாணியாக அவர் எடுத்துக் கொடுத்தார். முடிந்ததும், பொம்பளைப் பிள்ளை எவ்வளவு சுத்தமாகச் செய்கிறது என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்.

முகாம் பொய்யில்லை. அன்றைக்கு அவள் பார்த்த காதுகளெல்லாம் உண்மையாகவே கெட்டுப்போனவை. வரிசையின் கடைசியில் ஒரு பெண், முக்காடு போட்டுக்கொண்டு, கதவோரமே நின்றாள். மற்றவர்கள் அவளைப் பார்த்து முகம் திருப்பிக்கொண்டார்கள். வேங்கடசாமிதான் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். பெயர் கேட்டபோது பாவாத்தாள் என்றாள். விமலா அவளுக்கு இடது காதுக்கு ஒரு கருவி பொருத்தி, கேட்கிறதா என்றாள். பாவாத்தாள் தலையை ஆட்டிவிட்டு, தன் வளையலைத் தானே ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

முதல் டேப்பை ராமுலு கடைக்கே கொண்டுவந்தார். விமலா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். வேங்கடசாமியும் இன்னும் மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு, எதுவரை இறங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேசியது எதுவும் அவள் மனசில் பதியவில்லை. பேச்சுக்கு அடியில் ஓடிய மெல்லிய இரைச்சலைத்தான் அவள் கேட்டாள். குடோன் பக்கத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்தால் அது போய்விடும் என்று சொல்லி, செய்தும் கொடுத்தாள். அதற்குள் மாசாணம் பெட்டியோடு வந்து போனார். பெட்டி கத்தவில்லை.

பேச்சுவார்த்தையில் ஜவுளிக்காரர்கள், கதவைச் சாத்திக்கொண்டு நால்வர் பேசிய அதே கூலியைச் சொல்லிவிட்டு, அதற்குமேல் தம்பிடி கிடையாது என்று உட்கார்ந்துகொண்டார்கள். சங்கத்துக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். வேலைநிறுத்தம் தொடர்ந்தது.

மிச்சத்தைப் பாவாத்தாள்தான் வந்து சொன்னாள். பேட்டரி தீர்ந்துபோய், பஸ் பிடித்துக் கடைக்கு வந்திருந்தாள். ஊரில் என்ன விசேஷம் என்று விமலா சும்மா கேட்டாள். பாவாத்தாள் சாவகாசமாகச் சொன்னாள். பேச்சுவார்த்தை முறிந்த மறுநாளே மாசாணத்தைக் கூட்டிவந்து அறை முழுக்கத் தேடியிருக்கிறார்கள். மூலைக்கு மூலை பெட்டியைக் காட்டி, கூரையில் ஓடுகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் இல்லை. மெஷின் இல்லையென்றால் ஆள்தானே? அந்த நாலு பேரில் மூன்று பேர் பங்காளிகள், ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். நாலாவது ஆள் வேங்கடசாமி. அவரைச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் வீட்டுக்கு எதிரே இருந்த குழாயடிக்கு யாரும் தண்ணீர் பிடிக்க வரவில்லையாம். அவர் சம்சாரம் ராமாமணி கடைக்குப் போனால் சாமான் கொடுத்தார்களாம், பேச்சுக் கொடுக்கவில்லையாம். வேங்கடசாமி சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு தாராபுரத்தில் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு மண்டியில் மூட்டை எடை போடுகிறார்.

"என்னைய அன்னிக்குத் தொரத்துனாங்க. ஆனா அந்தப் பொட்டி சிக்குச்சுங்க அம்மணி," என்றாள் பாவாத்தாள். "ஏதோ ஒரு மிசினை எவனோ வெச்சிருக்கான்னு ஊருக்குத் தெரிஞ்சுது. நானில்லைன்னு இன்னிக்கில்லாட்டி நாளைக்கு நம்புவாங்க. அவருக்கு அதுகூட இல்லீங்களே. என்னத்தைக் காட்டி இல்லைம்பாரு?"

விமலா புது பேட்டரியைப் போட்டு, கருவியைத் தன் காதில் வைத்துப் பார்த்து, அவளிடம் கொடுத்தாள். பாவாத்தாள் போனபின் வெகுநேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு அடைக்கும், அழுகை வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். எதுவும் வரவில்லை. ஒரு சர்க்யூட்டில் எந்த இடத்தில் பழுது என்று தெரிந்ததுபோல, விஷயம் தெளிவாகத் தெரிந்தது, அவ்வளவுதான். மாட்டிய மெஷின் ஒருத்தியின் வேலையைப் பறித்தது. மாட்டாத மெஷின் ஒருவரை ஊரைவிட்டே ஓட்டியது.

அப்படியானால் ஒன்று மாட்டவேண்டும். அவள் அதையும் செய்தாள். ராமுலு விட்டுப்போன அந்த நசுங்கிய கறுப்புப் பெட்டியைப் பிரித்து, நல்ல பாகங்களை எடுத்து, கொஞ்சம்கூட மறைக்கத் தெரியாதவன் செய்தது மாதிரி ஒன்றைச் செய்தாள். டீக்கடைக்காரர் வழக்கமாகப் பாட்டுக் கேட்கிற எஃப்.எம். ஸ்டேஷனிலேயே அது பேசும்படி வைத்தாள். காதுக் கருவிகளைச் சரிபார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு சோமனூருக்குப் போய், சங்க அறை மேஜைக்கு அடியில் ஒட்டிவிட்டு வந்தாள். முதல் தடவையைவிட இது சுலபமாக இருந்தது. பழைய மெஷினையும் அன்றைக்கே கழற்றியிருக்கலாம். மெயினை அணைக்கச் சொல்ல வேண்டும், ஆட்கள் நிறைய இருந்தார்கள், ஏன் என்று கேட்பார்கள். அது மாட்டப்போவதில்லை, இருந்தால் இருக்கட்டும், இப்போதைக்கு வேங்கடசாமி மீண்டால் போதும் என்று வந்துவிட்டாள்.

எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. டீக்கடையில் பாட்டுக்கு நடுவே சங்கப் பொருளாளர் தொண்டையைக் கனைத்துத் தண்ணீர் கேட்பது கேட்டது. கூட்டம் கூடிவிட்டது. மேஜையைக் கவிழ்த்தார்கள், மெஷின் அகப்பட்டது. பங்காளிகள் மூன்று பேரும் தாராபுரத்துக்கே போய் வேங்கடசாமியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். பஸ் ஸ்டாண்டிலேயே மாலை போட்டார்கள். மறுபடியும் அவர் செயலாளர் ஆனார்.

அந்த வாரக் கடைசியில் ராமுலு ஸ்வீட் பெட்டியோடு கடைக்கு வந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லீருக்கலாமுங்களே அம்மணி," என்றார். "நான் பயந்தே போயிட்டேன், நம்மளதுதான் மாட்டிக்கிச்சோன்னு. அப்பறந்தான் வெளங்குச்சு. ஒண்ணப் பிடிச்சுப்போட்டாங்களா, இனி ஒருத்தனும் தேடமாட்டான். கதவைக்கூடச் சாத்தாம பேசறாங்க. என்னா மூளைங்க உங்களுக்கு!"

அவர் புது டேப்பை எடுத்துக் கொடுத்தார். ஹெட்போனை மாட்டினாள். இரைச்சலே இல்லை. எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல வேங்கடசாமியின் குரல் கேட்டது. எந்தெந்த வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது, யார் யார் தாலியை அடகு வைத்துவிட்டார்கள், இன்னும் எத்தனை நாள் ஜனங்களால் தாங்கமுடியும் என்று அவர் ஒவ்வொரு குடும்பமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை அவள் காதில் பேச்சுதான் விழுந்தது, ஏனென்றால் கேட்பதற்கு வேறு எதுவும் இல்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, டேப் சுத்தமாக இருக்கிறது என்றாள்.

பிளக்கில் இருப்பதை வெளியே எடுத்துவிடலாமா என்று கேட்டாள். ராமுலு சிரித்தார். இப்போதுதான் இதற்கு நேரமே வந்திருக்கிறது என்றார். கிளம்பும்போது மாசாணத்தைப்பற்றியும் சொல்லிவிட்டுப் போனார். அத்தனை தடவை பெட்டியோடு நடந்தும் மேஜைக்கடியில் இருந்ததைக் கண்டுபிடிக்கவில்லையே, ஜவுளிக்காரர்களிடம் காசு வாங்கிவிட்டான் என்று பத்துப் பேர் போய் அவர் கடையை அடித்து நொறுக்கிவிட்டார்களாம். ரிப்பேருக்கு வந்திருந்த ரேடியோக்களெல்லாம் சாக்கடையில் கிடந்ததாம்.

ஜனங்கள் எந்த நாள்வரை தாங்குவார்களோ அந்த நாள்வரை ஜவுளிக்காரர்கள் வாயைத் திறக்கவே இல்லை. அப்புறம் கூப்பிட்டார்கள். பழைய கூலிக்குமேல் பெயருக்கு ஏதோ சேர்த்துக் கையெழுத்தானது. தறிகள் ஓட ஆரம்பித்தன.

அன்றைக்கு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விமலா எல்லாவற்றையும் ஜேக்கிடம் சொன்னாள். சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. ரசம் ஊற்றும்போது தானாகவே ஆரம்பித்து, கை கழுவும்வரை சொல்லி முடித்தாள். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

"எங்க மில்லுலயும் இப்படி ஒண்ணு இருந்திருக்குமோ?" என்று கேட்டான். அப்புறம், "நாங்க நாயகத்தைச் சந்தேகப்பட்டோம்," என்றான். நாயகம் யார் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மறுநாள் அவள் சோமனூருக்குப் போனது பட்டப்பகலில். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நாலாபக்கமும் தறிச் சத்தம் மேலே வந்து விழுந்தது. சங்க அறையில் வேங்கடசாமி மட்டும் இருந்தார். மெயினை அணைக்கச் சொன்னாள். அவர் அணைத்தார். அவள் பிளக்கைக் கழற்ற ஆரம்பித்ததும், பழக்கப்பட்டவர்போலப் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். அவள் திருகாணிகளை அந்தக் கையில் வைத்தாள். பிளக்கையும், அதற்குப் பின்னாலிருந்து வெளியே போன ஒயரையும் இழுத்து எடுத்து, அவர் முன்னால் பிடித்தாள். என்ன இது, யார் செய்தது, எப்போது வைத்தது, மேஜைக்கடியில் இருந்தது எது, எல்லாவற்றையும் சொன்னாள். தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்பதால் சத்தமாகவே சொல்லவேண்டியிருந்தது. ராமுலுவின் பெயரையும் எதிர்க் குடோனையும் சேர்த்துச் சொன்னாள்.

வேங்கடசாமி அந்த மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதுக் கருவியில் இருப்பதுதானே என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவளை உட்காரச் சொல்லவில்லை. சோமனூர்க்காரர் ஒருவர் வந்தவரை உட்காரச் சொல்லாமல் இருந்து அவள் அன்றுதான் பார்த்தாள்.

"தாராபுரத்துல மண்டியில நிக்கறப்போ எம்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துபோச்சுங்க," என்றார். "ஊட்டுல எங்காச்சும் வாய்தவறி ஒளறிப்போட்டனோ, தூக்கத்துல பேசீட்டனோன்னு. ராமாமணிகிட்ட எத்தனையோ தடவை கேட்டுப்போட்டேன்."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். வார்த்தைகளெல்லாம் வரிசையாக மனசில் இருந்தன. அவற்றுக்குக் கீழே எதுவும் இல்லாததால் சொல்ல வாய் வரவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

மாசாணத்தின் கடையைப்பற்றி அவள்தான் கேட்டாள். அவர் இன்னும் கடையைத் திறக்கவில்லை என்றும், தானே போய் விஷயத்தைச் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார். அப்புறம் எழுந்து, கையிலிருந்த திருகாணிகளை மேஜையில் வைத்தார்.

"நீங்க இனி இந்தூருக்கு வராதீங்க," என்றார். "பேட்டரி மட்டும் பஸ்ஸுல யார்கிட்டயாச்சும் குடுத்து உடச் சொல்லுங்க. பாவாத்தாளுக்கெல்லாம் வேணுமுங்க."

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தாள். சுவரில் பிளக் இருந்த இடத்தில் ஒரு சதுரப் பள்ளம் இருந்தது. வேறு பிளக் கொண்டுவந்திருக்கலாமே என்று பஸ் ஏறியபின்தான் தோன்றியது.

பஷீர் பாயிடமும் சொன்னாள். அவர் நெடுநேரம் கண்ணாடித் துணியால் ஒரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். போகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப்பிறகு அவளை விமலாம்மா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். எதையாவது சொல்லவேண்டுமென்றால் பொதுவாகச் சொன்னார். ராமுலு வந்தபோது மெஷினை எடுத்துவிட்டதாகச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. இன்னொன்று செய்து தரமுடியுமா என்றார். முடியாது என்றாள். பெங்களூரில் ஒரு பையன் இதைவிடச் சின்னதாகச் செய்கிறானாம் என்று சொல்லிவிட்டு, மாமியாருக்குப் பேட்டரி வாங்கிக்கொண்டு போனார்.

வேங்கடசாமி சங்கத்தில் இதைச் சொன்னாரா, மாசாணம் கடையைத் திறந்தாரா, அவளுக்குத் தெரியவில்லை. யாரும் தேடிக்கொண்டு வரவில்லை. மாதம் பிறந்ததும் ஒரு காகிதப் பொட்டலத்தில் பேட்டரிகளைக் கட்டி, சோமனூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவாள். சில மாதங்களில் காலிப் பேட்டரிகள் அதே பொட்டலத்தில் திரும்பி வரும்.